எரிபொருள் விலை உயர்வு: ஈடு யாருக்கு?

2022ஆம் ஆண்டு கோடைக்காலத்தின் தொடக்கம். ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் இருந்த வங்கிக் கிளையில் நான் அப்போது பணியாற்றி வந்தேன். மாதத்தின் முதல் வாரமாதலால், பெட்ரோல் செலவை ஈடுபெறுவதற்கான உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். இருசக்கர வண்டியில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பவர் அவர். கிளையில் அவருக்குச் சிறிய சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தது.

"சாகிப், பெட்ரோலுக்கு மாதம் 250 ரூபாய் அரசு தருகிறதாம். என் கணக்கில் வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டார்.

அவர் குறிப்பிட்டது, அம்மாநில அரசு அவ்வாண்டு ஜனவரி 26 அன்று தொடங்கிய திட்டத்தை. குடும்ப அட்டை வைத்திருக்கும் எளிய குடும்பங்கள் தங்கள் இருசக்கர வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கு, லிட்டருக்கு 25 ரூபாய் வீதம், மாதம் 10 லிட்டர் வரை, வங்கிக் கணக்கில் ஈடு பெறலாம் என்பது அதன் சாரம். ஆதார் எண், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் வேண்டும். வண்டி அம்மாநிலத்தில், விண்ணப்பிப்பவர் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசி நிபந்தனையில் தடைபட்டது. அவர் வண்டியைப் பழையதாக வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதிவுச் சான்று இன்னமும் முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. அந்த மனிதரோ ஊரைவிட்டே சென்றுவிட்டார்.

"தகுதி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பாதியில் நின்ற என் படிவத்தில் கையொப்பமிட்டேன். அப்போதுதான் அந்தத் தாளைச் சற்றே கூர்ந்து பார்த்தேன். வங்கி அதிகாரிகளுக்குப் பெட்ரோல் செலவு லிட்டர் கணக்கில் ஈடு செய்யப்படுகிறது. விலை 75 ரூபாயாக இருந்தாலும் 105 ரூபாயாக இருந்தாலும் எனக்குரிய லிட்டர் எனக்குக் கிடைத்துவிடும். விலையேற்றம் என்னைத் தொடுவதே இல்லை. நாள் முழுவதும் வண்டியிலேயே பிழைப்பு நடத்தும் அவரைத்தான் அது முழுமையாகத் தாக்குகிறது. ஈடு பெறும் தகுதியோ எனக்கு இருந்தது, அவருக்கு இல்லை.

எரிபொருள் விலை உயரும்போதெல்லாம், வரி செலுத்துவோருக்கு அரசு ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டாமா என்ற கேள்வி எழுகிறது. நண்பர்கள் கேட்கிறார்கள், வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு விடை காணுமுன், வரி செலுத்துவோர் என்று நாம் யாரைக் கருதுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு லிட்டருக்குள் இருக்கும் வரி

பெட்ரோலும் டீசலும் இன்றளவும் சரக்கு மற்றும் சேவை வரியின் வரம்புக்குள் வரவில்லை. அவற்றின் மீது மத்திய அரசு கலால் வரி விதிக்கிறது. மாநில அரசுகள் மதிப்புக் கூட்டு வரி விதிக்கின்றன. கலால் வரி, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகையாக அமைவது. மதிப்புக் கூட்டு வரி பெரும்பாலான மாநிலங்களில் விலையின் மீது விழுக்காட்டுக் கணக்கில் அமைவதால், விலை ஏறும்போது அதுவும் தானாகவே ஏறுகிறது.

கடந்த சில ஆண்டுகளின் கணக்கை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரி லிட்டருக்கு ரூ.19.98, டீசல் மீது ரூ.15.83. பெருந்தொற்றுக் காலத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 2020 ஏப்ரலில் பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த வீழ்ச்சியின் பயன் வாகன ஓட்டிகளுக்குச் சேரவில்லை. மார்ச், மே ஆகிய இரு மாதங்களில் கலால் வரி பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் உயர்த்தப்பட்டது. வருவாய் வற்றிப்போயிருந்த அந்நாளில் அரசுக்குப் பணம் தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னர் விலை ஏறத் தொடங்கியது. பல நகரங்களில் பெட்ரோல் 100 ரூபாயைக் கடந்தது. 2021 நவம்பரில் கலால் வரி பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைக்கப்பட்டது. உக்ரைன் போருக்குப் பின் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டிய நிலையில், 2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் மேலும் குறைக்கப்பட்டன. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பெட்ரோலுக்கு 13, டீசலுக்கு 16. 2020இல் எவ்வளவு கூட்டப்பட்டதோ அவ்வளவே, இரண்டு ஆண்டுகளில் இரு தவணைகளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

யாரையும் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. விலை தாழ்ந்திருந்தபோது அரசு எடுத்துக்கொண்டது. விலை உயர்ந்தபோது திருப்பித் தந்தது. எனவே, விலை உயரும்போது எரிபொருள் வாங்குவோருக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தருவது புதுமையான கோரிக்கை அன்று; நடைமுறையில் ஏற்கெனவே நிகழ்ந்ததுதான். எப்போது தருவது, எவ்வளவு தருவது, யாருக்குத் தருவது என்பதற்கு முன்கூட்டியே எழுதப்பட்ட விதி ஏதும் இல்லை என்பதே குறை.

இந்த வரியைச் செலுத்துவோர் யார்? வருமான வரி அலுவலகத்தில் நிரந்தரக் கணக்கு எண் வைத்திருப்போர் மட்டுமல்லர். ஒரு லிட்டர் பெட்ரோல் போடும் ஒவ்வொருவரும் வரி செலுத்துகிறார். லாரியில் வந்த தக்காளியை வாங்குபவரும் மறைமுகமாகச் செலுத்துகிறார். நான் குறிப்பிட்ட பாத்திர வியாபாரி தம் வாழ்நாளில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர் அல்லர். ஆனால் எரிபொருள் வரியில் தம் வருமானத்தில் அவர் செலுத்தும் விழுக்காடு, என்னைப் போன்றோர் செலுத்துவதைவிடப் பன்மடங்கு அதிகம்.

முதல் வழி: விற்பனை நிலையத்தில் வரிக் குறைப்பு

ஈடு தருவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வரியைக் குறைத்துச் சில்லறை விலையை இறக்குவது.

இவ்வழிக்கு ஒரு பெருஞ்சிறப்பு இருக்கிறது. எவ்விதக் காகிதமும் வேண்டியதில்லை. 2022 மே மாத வரிக் குறைப்பால், மாநில வரியின் மீதான விளைவையும் சேர்த்து, பெட்ரோல் விலை லிட்டருக்கு ரூ.9.50 குறையும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். மாதம் 25 லிட்டர் போடும் வியாபாரி ஒருவருக்கு இதனால் கிடைப்பது ரூ.237.50. மாநிலத் திட்டத்தின் உச்சவரம்பான 250 ரூபாய்க்கு இது மிக நெருங்கிய தொகை. என் மேசையில் தகுதி இல்லை என்று திரும்பிய அவருக்கு, சில வாரங்களில் ஏறத்தாழ அதே தொகை, பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் கேட்காமலே கிடைத்துவிட்டது.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு கார்கள் வைத்து மாதம் 150 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்கு அதே வரிக் குறைப்பால் கிடைத்தது ரூ.1,425. வியாபாரி பெற்றதைப்போல் ஆறு மடங்கு. மிதிவண்டியிலும் கால்நடையாகவும் வேலைக்குச் செல்பவருக்கு நேரடியாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. டீசல் வரி குறைந்ததால் சரக்குக் கட்டணம் ஓரளவு தணிந்து அதன் பயன் சந்தைக்கு வந்திருக்கலாம். எனினும் ஏறிய வாடகை இறங்குவது அரிது என்பதை லாரி வாடகை கொடுத்துப் பழகிய நம் வணிகர்கள் அறிவார்கள்.

இதற்கான விலை சிறியதன்று. அந்த ஒரு வரிக் குறைப்பால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று மத்திய அரசே தெரிவித்தது. மாநிலங்களுக்கும் இதே நெருக்கடிதான். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று வரவு செலவுத் திட்ட உரையில் கணக்குச் சொல்லப்பட்டது. இருசக்கர வண்டி ஓட்டும் உழைப்பாளரை மனத்தில் கொண்டே அந்தக் குறைப்பு பெட்ரோலுக்கு மட்டும் தரப்பட்டது. ஆனால் பெட்ரோல் நிலையத்துக் குழாய்க்கு, உழைப்பாளரின் வண்டியையும் உல்லாசக் காரையும் பிரித்தறியத் தெரியாது.

ஆகவே வரிக் குறைப்பு முதலுதவி போன்றது. விலை திடீரெனத் துள்ளும்போது உடனே செய்யத்தக்கது. நிலையான மருத்துவம் அன்று.

இரண்டாம் வழி: வருமான வரியில் தள்ளுபடி

மாதச் சம்பளக்காரர்களிடமிருந்து அதிகம் கேட்கும் யோசனை இது. நாங்கள் வருமான வரி கட்டுகிறோம். எரிபொருளுக்கும் வரி கட்டுகிறோம். விலை உயரும் ஆண்டில் வருமான வரியிலாவது ஒரு தள்ளுபடி தரலாகாதா என்பது அவர்கள் வாதம். நானும் அந்த வகுப்பைச் சேர்ந்தவன்தான். மாதக் கடைசியில் நம் கைக்கு வருமுன்பே பிடித்தம் செய்யப்படும் வரியைக் காணும்போது எழும் ஆதங்கத்தை நான் நன்கறிவேன்.

வெளிநாடுகளில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஜெர்மனியில் 2022 செப்டம்பரில், வேலையில் இருப்போருக்கு எரிசக்தி விலை உயர்வுக்கான ஈடாக 300 யூரோ, பெரும்பாலும் சம்பளத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டது. அத்தொகையும் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படுத்தப்பட்டதால், அதிக வருமானம் உள்ளவர் கையில் குறைவாகவும் குறைந்த வருமானம் உள்ளவர் கையில் அதிகமாகவும் நின்றது. உழைப்போரில் மிகப் பெரும்பாலோர் சம்பளப் பட்டியலிலும் வரிப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்கும் நாட்டில் அம்முறை பொருந்தும்.

நம் நாட்டின் நிலை வேறு. 2024 ஜூலை 31 வரை தாக்கல் செய்யப்பட்ட வருமான வரிக் கணக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 7.28 கோடி. நம் மக்கள்தொகையோ 140 கோடிக்கும் மேல். கணக்குத் தாக்கல் செய்வோரிலும் பெரும்பகுதியினருக்கு வரி ஏதும் வருவதில்லை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வழக்கமான வருமானம் உள்ளவர் வரி செலுத்த வேண்டியதில்லை என்றாகிவிட்ட பிறகு, வருமான வரி வழியே தரப்படும் எரிபொருள் ஈடு, 12 லட்சத்துக்கு மேல் ஈட்டுவோரையே பெரும்பாலும் சென்றடையும். ஆட்டோ ஓட்டுநர், மீன் கூடையுடன் மொபெட்டில் செல்பவர், உணவுப்பொட்டலம் கொண்டுவந்து தரும் இளைஞர், டீசல் இயந்திரத்தால் நீர் இறைக்கும் உழவர் ஆகியோருக்கு அதில் ஒரு ரூபாயும் போய்ச் சேராது.

ஆகவே, வரி செலுத்துவோருக்கு எரிபொருள் ஈடு வேண்டும் என்பதை, வருமான வரி செலுத்துவோருக்குத் தள்ளுபடி வேண்டும் என்று பொருள் கொண்டால், அதற்கு என் விடை, கூடாது என்பதே. சம்பளக்காரரின் வரிச்சுமை பெரிது என்றால் அதற்குரிய தீர்வை வருமான வரி விகிதத்திலேயே தேட வேண்டும். பெட்ரோல் விலையை அதற்குக் காரணமாக்குதல் முறையன்று.

மூன்றாம் வழி: வங்கிக் கணக்கில் நேரடி ஈடு

விலையைத் தொடாமல் விட்டு, தேவைப்படுவோரின் கணக்கில் தொகையைச் சேர்ப்பது மூன்றாம் வழி. இதில் நம் நாட்டுக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

சமையல் எரிவாயு மானியத்தை எண்ணிப் பாருங்கள். முன்பு உருளையே மலிவு விலையில் விற்கப்பட்டது. வீட்டுக்கான மலிவு உருளைகள் உணவகங்களுக்கும் வாகனங்களுக்கும் கடத்தப்பட்டன. 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் பகல் என்ற பெயரில் நேரடி மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உருளையைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். மானியம் கணக்கில் வந்து சேரும். அதே ஆண்டில், வசதியுள்ளோர் மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுக்குமாறு விடுத்த வேண்டுகோளை ஏற்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. 2016 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ளோர் விலக்கப்பட்டனர். பின்னர் மானியம் படிப்படியாகச் சுருங்கி, இன்று உஜ்வலா இணைப்புப் பெற்ற எளிய குடும்பங்களுக்கே உரியதாகியுள்ளது. 2022 மே மாதம் உருளைக்கு 200 ரூபாயாக அறிவிக்கப்பட்ட அத்தொகை, 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பிரான்ஸ் நாடும் இதே திசையில்தான் நகர்ந்தது. 2022 ஏப்ரலில் அந்நாடு எல்லா வாகன ஓட்டிகளுக்கும் லிட்டருக்கு 18 சென்ட் தள்ளுபடி அளித்தது. செப்டம்பரில் அதை 30 சென்டாக உயர்த்தியது. செலவு தாங்காமற்போகவே, ஆண்டு இறுதியில் பொதுத் தள்ளுபடியை நிறுத்தி, 2023 தொடக்கத்தில், வேலைக்குச் செல்ல வாகனத்தை நம்பியிருக்கும் குறைந்த வருமானத்தினருக்கு மட்டும் 100 யூரோ வழங்கியது. தகுதி பெற்றோரில் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பிக்கும் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் வழியின் பலமும் பலவீனமும் இங்கே ஒருசேரத் தெரிகின்றன. பணம் உரியவருக்கு மட்டும் செல்கிறது. எனவே செலவு குறைகிறது. ஆனால் உரியவர் தம்மை உரியவர் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. ஏட்டில் சிறிதாகத் தோன்றும் ஒரு நிபந்தனை, எளியவரின் வாழ்வில் பெருஞ்சுவராக நின்றுவிடுகிறது. வண்டி சொந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்னும் விதி தவறானதன்று. முறைகேட்டைத் தடுக்க அத்தகைய விதி தேவை. எனினும் புது வண்டி வாங்க இயலாமல் பழைய வண்டி வாங்கியவர்தான் அவ்விதியில் தங்கிவிடுகிறார்.

ஈடே கூடாது என்போர்

எந்த ஈடும் வேண்டாம் என்று வாதிடும் பொருளியல் அறிஞர்களும் உண்டு. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாகிறது. விலை உயரும்போது மக்கள் சிக்கனமாக இருப்பதே நாட்டுக்கு நல்லது; ஈடு கொடுத்தால் சிக்கனம் குலையும் என்பது அவர்கள் கருத்து. இன்று தரும் சலுகை நாளைய கடன் என்பது இன்னொரு வாதம்.

இரண்டாவது வாதத்தை வங்கியாளன் என்ற முறையில் நான் மதிக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன், எரிபொருளை அடக்கவிலைக்குக் கீழே விற்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு, ரொக்கத்துக்குப் பதிலாக அரசு எண்ணெய்ப் பத்திரங்களை வழங்கியது. ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய அப்பத்திரங்களுக்கான வட்டியையும் முதலையும் அடுத்தடுத்து வந்த அரசுகள் சுமக்க நேர்ந்தது. 2000களில் மலிவாகப் பெட்ரோல் போட்டவர் அனுபவித்த சலுகைக்கு, அக்காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் பின்னர் வரி கட்டினர்.

முதல் வாதம் வரிக் குறைப்புக்குப் பொருந்தும். நேரடி ஈட்டுக்குப் பொருந்தாது. கணக்கில் மாதம் 250 ரூபாய் வரவு வைக்கப்பட்டாலும் பெட்ரோல் நிலையத்தில் விலை குறையவில்லை. ஆகவே சிக்கனம் செய்வதற்கான காரணம் அப்படியே இருக்கிறது. ஒரு லிட்டரை மிச்சம் பிடித்தால், அந்த 100 ரூபாயும் அவர் கையில் நிற்கும். 250 ரூபாயும் நிற்கும். சிக்கனத்தைக் குலைக்காமல் துன்பத்தை மட்டும் குறைக்கும் வழி இதுவே.

என்ன செய்யலாம்?

என் கருத்தில், எரிபொருள் விலை உயர்வுக்கு அரசு ஈடு தரவேண்டும். அதை மூன்று நெறிகளின்படி தரவேண்டும்.

முதலாவதாக, விதி முன்பே எழுதப்பட வேண்டும். கச்சா எண்ணெயின் சராசரி விலை குறிப்பிட்ட அளவைத் தாண்டித் தொடர்ந்து சில மாதங்கள் நின்றால் ஈடு தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் தானாக நின்றுவிடும் என்று அறிவித்துவிட வேண்டும். விலை தாழும் காலத்தில் அரசு வரியை உயர்த்திக்கொள்வதை அப்போது எவரும் குறைசொல்ல இயலாது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை இறங்கியபோது கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தப்பட்டது. சில்லறை விலை மாறவில்லை. அந்த 2 ரூபாயின் ஒரு பகுதி, விலை உயரும் காலத்துக்கென ஒதுக்கப்படும் சேமிப்பு என்று அறிந்திருந்தால், செலுத்துகிறவருக்கும் மனநிறைவு உண்டாகும். நம் வாடிக்கையாளர்கள் தொடர் வைப்பில் செய்வதும் இதுதானே.

இரண்டாவதாக, ஈடு எளிய குடும்பங்களுக்கும், எரிபொருளையே மூலதனமாகக் கொண்டு பிழைப்போருக்கும் உரியதாக வேண்டும். செலவைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உஜ்வலா இணைப்புகள் இன்று 10 கோடிக்கு மேல். அந்த அளவில் 10 கோடிக் குடும்பங்களுக்கு மாதம் 250 ரூபாய் வீதம் ஓராண்டு முழுவதும் வழங்கினாலும் ஆகும் செலவு 30,000 கோடி ரூபாய். 2022 மே மாத வரிக் குறைப்புக்கு ஆண்டுக்கு ஆகும் என்று சொல்லப்பட்ட ஒரு லட்சம் கோடியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதமாகும் தொகையைப் பேருந்துப் போக்குவரத்துக்குச் செலவிட்டால், வண்டியே இல்லாதவருக்கும் பயன் சேரும்.

மூன்றாவதாக, விண்ணப்பம் இல்லாமலே ஈடு சேரவேண்டும். குடும்ப அட்டை விவரம், உஜ்வலா பட்டியல், ஆட்டோ மற்றும் சிறு சரக்கு வாகனங்களின் பதிவு விவரம் ஆகிய அனைத்தும் அரசின் கணினிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. தெரிந்த விவரத்தை மீண்டும் மக்களிடமே கேட்பது தேவையற்றது. பட்டியலில் விடுபட்டவர் மட்டும் மேல்முறையீடு செய்தால் போதும். அதையும் கைப்பேசிச் செயலியோடு நிறுத்திவிடாமல், ஊராட்சி அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும் நேரில் ஏற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் வங்கி அதிகாரியான எனக்கு ஈடு இல்லை. இதை வாசிக்கும் வாடிக்கையாளர்களில் பலருக்கும் இருக்காது. அது சரியானதே என்று நான் எண்ணுகிறேன். எரிபொருள் விலை உயர்ந்தால் நாம் விடுமுறைப் பயணம் ஒன்றைத் தள்ளிப்போடுவோம். பாத்திர வியாபாரியோ நான்கு ஊர்களுக்குப் பதில் மூன்று ஊர்களுக்குத்தான் போவார்; நான்காவது ஊரின் விற்பனை அவருக்கு அன்றைய அரிசியும் பருப்பும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியவை

அரசு எந்த ஈட்டை அறிவித்தாலும் அது கணக்கு வழியாகவே வரும். அந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். எங்கள் கிளைகளில் நாள்தோறும் காணும் சிக்கல்கள் சில. இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்போர், அரசுத் தொகை எந்தக் கணக்குக்குப் போகிறது என்று அறியாமல் தவிக்கின்றனர். ஆதார் எண்ணின் அடிப்படையில் வரும் தொகை, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை நேரடிப் பயனுக்கென இணைத்தீர்களோ அங்கேதான் சேரும். ஐயம் இருந்தால் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்குமாறு வரும் அறிவிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். நெடுநாள் பயன்படுத்தாத கணக்கில் சிறிய வரவு செலவொன்றைச் செய்து அதை உயிர்ப்புடன் வைத்திருங்கள்.

பழைய வண்டி வாங்குவோர், பணம் கைமாறும் அன்றே உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய எண்ணுடைய படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தைப் பெற்று, போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். காப்பீட்டு இழப்பீட்டுக்கும் அது இன்றியமையாதது. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கும், தெருவில் காய்கறி கொண்டுவருபவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

அந்தப் பாத்திர வியாபாரிக்கு அன்று இதை நான் சொல்லவில்லை. முதல் உரிமையாளரைத் தேடிப் பிடிக்க வழியுண்டா, போக்குவரத்து அலுவலகத்தில் வேறு ஏற்பாடு உண்டா என்று விசாரித்துச் சொல்லியிருக்கலாம். கிளையில் கூட்டம், என் மேசையிலும் வேலை. சில மாதங்களில் மாறுதல் வந்து அவ்வூரை விட்டுப் புறப்பட்டுவிட்டேன். இப்போதும் மாதத்தின் முதல் வாரம் அந்தப் படிவம் என் மேசைக்கு வருகிறது. கையொப்பமிடும்போதெல்லாம், தகுதி இல்லை என்று நான் சொன்னதும் மறுபேச்சின்றித் தலையசைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்த அவரை நினைத்துக்கொள்கிறேன்.

(கட்டுரையில் கூறப்பட்டுள்ள கருத்துகள் கட்டுரையாளரின் சொந்தக் கருத்துகள், வங்கியின் நிலைப்பாடு அல்ல.)